உபுண்டுவின் மேன் பக்கங்கள்: எந்த நிரலுக்கான கையேடு?

காட்பாடியில் பொறியியல் மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கும் நான், இணையம் இல்லாத ஆய்வகத்திலும் கைகொடுக்கும் என்பதால், உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் மேன் பக்கங்களையே, அதாவது 'மேன்' கட்டளை திறந்து காட்டும் கையேடுகளையே, முதலில் படிக்கச் சொல்கிறேன். இனியும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவற்றில் எழுதியிருப்பது ஒன்றும் திரையில் நடப்பது வேறொன்றுமாக இருக்கும் இடங்களையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

கொடுத்த எழுத்துகளைத் திரையில் அச்சிடும் 'எக்கோ' கட்டளைக்கு 'வெர்ஷன்' ஆப்ஷனைக் கொடுத்தால் பதிப்பு எண் வரும் என்கிறது அதன் பக்கம். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான பாஷ் ஷெல்லில் கொடுத்துப் பாருங்கள், தட்டிய எழுத்துகளே திரும்பி வரும். கையேடு விவரிப்பது வட்டில் தனிக் கோப்பாக இருக்கும், குனு திட்டத்தின் எக்கோவை; ஓடுவதோ பாஷ் தனக்குள் வைத்திருக்கும் இன்னொரு எக்கோ. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டின் நேர அட்டவணையைப் புதிய பஸ் ஸ்டாண்டில் ஒட்டிவைத்தது போன்ற நிலைமை இது. போதாக்குறைக்கு, 2006இல் வந்த உபுண்டு 6.10 முதல் 'எஸ்எச்' என்ற பொதுப் பெயரில் ஷெல்லை அழைத்தால் ஓடுவது டாஷ் என்ற இன்னொரு ஷெல். அதன் எக்கோ, 'மைனஸ் இ' கொடுத்தால் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளாமல் சேர்த்தே அச்சிடும்.

இன்னும் அதிகம் குழப்புவது, ஒரு நிரல் ஓட எடுக்கும் நேரத்தை அளக்கும் 'டைம்'. ஒரு நிரல் அதிகபட்சமாக எவ்வளவு நினைவகம் எடுத்தது என்பதையும் காட்டும் 'மைனஸ் வி' அதன் கையேட்டில் தெளிவாக இருக்கிறது. பாஷிலோ டைம் என்பது அந்த ஷெல்லின் இலக்கணத்தைச் சேர்ந்த சொல் என்பதால், 'மைனஸ் வி' என்றொரு கட்டளையே இல்லை என்ற விசித்திரமான பிழைச்செய்திதான் கிடைக்கும். நிரலின் முழுப் பாதையைக் கொடுத்து இயக்கினால்தான் கையேடு சொன்னபடி நடக்கும். அந்த எச்சரிக்கையும் கையேட்டில் இல்லாமல் இல்லை. முகப்பில் இருக்க வேண்டியதை உதாரணங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள், அதுவரை பொறுமையாகப் படிக்கும் மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கிரெப், ஃபைண்ட், சார்ட் போன்ற கட்டளைகள் பாஷுக்குள் இல்லாததால் அவற்றின் பக்கங்களில் இந்தத் தொல்லை கிடையாது. மற்றவற்றுக்கு, முதலில் 'டைப் மைனஸ் ஏ' கொடுத்து எது ஓடப்போகிறது என்று பார்த்துவிட்டு, ஷெல்லுக்குள் இருப்பது என்றால் 'ஹெல்ப்' கட்டளையிடம் கேட்பதே சரி.

என் முக்கியக் குறை, எந்த ஷெல்லிலிருந்து அழைக்கிறோம் என்பதை மேன் பொருட்படுத்துவதே இல்லை என்பதுதான். ஃபிஷ் என்ற இன்னொரு ஷெல் மட்டும் இதைத் தானே கவனித்துக்கொள்கிறது; அதில் 'மேன் எக்கோ' என்று கேட்டால் ஃபிஷின் சொந்த எக்கோவுக்கான பக்கமே திறக்கிறது. பாஷிலும் அந்த வசதியை இயல்பாகவே தந்திருந்தால் ஐந்துக்கு மூன்றரையோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.