முதல்வர் காப்பீட்டு அட்டை: அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்ச அனுபவம்

எங்கப்பா பல்லடம் பக்கம் நாப்பது வருசம் தறி ஓட்டினவருங்க. வயசு 66. போன ஆடி மாசம் ராத்திரி ஷிப்ட்ல நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டார். கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்கதான் ஸ்டென்ட் வெச்சாங்க, இதய ரத்தக்குழாய் அடைக்காம திறந்து வெக்கற சின்னக் குழாய்ங்க அது.

நல்லவேளை, அட்டை கையில இருந்துச்சு. அதை எடுக்க நான் பனியன் கம்பெனில ரெண்டு ஷிப்ட் விட்டேன். விஏஓ கிட்ட வருமானச் சான்று, அப்புறம் ரேசன் கார்டு, ஆதாரோட திருப்பூர் கலெக்டர் ஆபீஸ். அங்க அப்பா கைரேகை மெசின்ல விழவே இல்லை. நூலை இழுத்து முடிஞ்சே விரல் வழவழன்னு தேஞ்சு போயிருக்கு. துண்டுல துடைச்சுத் துடைச்சு வெச்சு, அஞ்சாவது தடவைதான் ஏத்துக்கிச்சு.

2018-ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை இந்த முதல்வர் காப்பீட்டோட சேர்த்தாங்க. குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. அப்பா சிகிச்சைக்கு மதியம் அனுமதி கேட்டு அனுப்பினாங்க, சாயங்காலமே வந்துருச்சு. டாக்டருங்க, நர்சுங்க அத்தனை பேரும் தங்கமா கவனிச்சாங்க.

கேஷ் கவுண்ட்டர்லதான் வயிறு எரிஞ்சுது. "நல்ல ஸ்டென்ட் வேணும்னா 15,000 கட்டுங்க"ன்னாங்க. ரசீது கேட்டேன், தர மாட்டேன்னாங்க. அங்கயே நின்னு காப்பீட்டுத் திட்டத்தோட இலவச நம்பர் 1800 425 3993-க்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்துல அந்தப் பேச்சே காணோம். அட்டையில சேர்ந்த சிகிச்சைக்குக் கையில காசு வாங்கக் கூடாதுங்க. யார் கேட்டாலும் முதல்ல ரசீது கேளுங்க.

அவசரம் இல்லைன்னா கோவை ஜிஹெச்சையும் யோசிங்க. அங்க பார்த்தாலும் இதே காப்பீட்டுப் பணம் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரும்.

வீட்டுக்கு வந்தப்புறம் செலவு நம்முதுதான். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை மாசாமாசம் கடையில வாங்கறோம். பிரசர் மாத்திரை மட்டும் மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா வாசலுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க. அவங்க நல்லா இருக்கணும்.

எனக்கு ஆத்தாமை ஒண்ணுதான். நான் ஓவர்லாக் மெசின்ல, வீட்டுக்காரர் அயர்ன் டேபிள்ல. ரெண்டு பேர் சம்பளம் சேர்ந்தா வருசம் 1,20,000-ஐத் தாண்டிடுது, அதனால எங்களுக்கு அட்டை இல்லை. ஆனா மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்துல, 70 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு 2024 அக்டோபர்ல இருந்து வருமானமே பார்க்கறதில்லை. மாசம் 10,000-க்கு மேல வாங்கற வீட்டுல நெஞ்சுவலி வந்தா லட்சக்கணக்குல எங்கிருந்து எடுக்கறதுங்க? சனிக்கிழமை சம்பளம் திங்கக்கிழமை மளிகைக்குப் போயிருது. அந்த வரம்பை ஏத்துங்க.