பழைய புத்தகத்தை இலவசமாக ஸ்கேன் பண்ணித் தருகிறோம் என்று வந்தால் உஷார்

அப்பா மேலூர்ப் பக்கம் தமிழாசிரியர். சுற்றுவட்டாரத்து ஊர்த் தெய்வங்களின் கதைகளைத் திரட்டி, 1984-ல் கைக்காசு போட்டு 500 பிரதி அச்சடித்தார். வீட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் பழக்கமான ஒருவர் சிம்மக்கல்லில் வீடு தேடி வந்தார். "அண்ணே, செல்லரிக்கிறதுக்குள்ள ஸ்கேன் பண்ணிருவோம். காசே வேண்டாம், நாலு பேர் படிக்கட்டும்" என்றார். பொடி எழுத்தில் ஒரு தாளை நீட்டினார். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுக் கையெழுத்துப் போட்டது என் தப்பு.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் ரப்பர் பேண்ட் போட்ட தாள்கட்டாகத் திரும்பி வந்தது. மெஷினில் மளமளவென்று ஓட்டுவதற்காக முதுகை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சரி, போகட்டும் என்று விட்டேன்.

சித்திரைத் திருவிழா சமயம் மகள் போனில் காட்டினாள். அப்பா புத்தகம், மின்னூலாக, 180 ரூபாய். எல்லா உரிமையும் அவர்களுக்கே என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. பின்னட்டையின் உள்பக்கம் அம்மா பென்சிலில் எழுதிய பால் கணக்கும் சேர்ந்தே விற்பனையில்!

கேட்டால், "எழுதிக் கொடுத்துட்டீங்களே சார்" என்கிறார். அண்ணன் சார் ஆகிவிட்டேன். கூகுளே ஸ்கேன் பண்ணி கேஸில் ஜெயித்தது என்று சட்டம் வேறு பேசினார். அது அமெரிக்க வழக்கு. 2015-ல் அங்கே அப்பீல் கோர்ட் சரி என்றது, தேடுவதற்கும் துணுக்குகளாகக் காட்டுவதற்கும்தான். ஸ்கேன் பண்ணிய முழுப் புத்தகத்தையே இரவல் கொடுத்த இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் 2024-ல் அதே கோர்ட்டில் தோற்றது.

நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு வருஷத்திலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அப்பா காலமானது 1996. ஆக, 2056 வரை வாரிசுகளுக்கே. எழுதிக் கொடுத்த தாளில் எத்தனை வருஷம் என்று இல்லாவிட்டால் 5 வருஷம்தான், எந்த எல்லை என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்றார் வக்கீல். ராயல்டி எவ்வளவு என்பதும் எழுதியிருக்க வேண்டுமாம். என் தாளில் எதுவுமே இல்லை. அக்காவும் வாரிசு, அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

கையெழுத்துப் போடுகிற தாளை அங்கேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கத் தவறி, பிறகு நாலு நடை நடந்தேன்.

நோட்டீஸ் அனுப்பியாயிற்று. பதில் வரவில்லை. மின்னூலில் பால் கணக்குப் பக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே மகள் 180 ரூபாய் கட்டி ஒரு பிரதி வாங்கி வைத்திருந்தாள்.