ஹட்டன் ஸ்கேன் நிலையம்: அம்மாவோடு இரண்டு தரம் போனதில் ஐந்துக்கு நான்கு

முதல் தரம் சும்மா திரும்பி வந்தோம். வயிற்று ஸ்கேனுக்கு ஆறு மணித்தியாலமாவது வெறும் வயிறாக இருக்கவேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. நம்பர் எடுக்க போன் பண்ணியபோது யாரும் இதைச் சொல்லவில்லை. அம்மா விடிய ரொட்டியும் பால் தேத்தண்ணியும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். அன்றைய பேரும் (தோட்டத்து நாள் சம்பளமும்) போச்சு, பஸ் காசும் போச்சு. ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்காகத்தான்.

மற்ற நான்கும் ஸ்கேன் பார்த்த டொக்டருக்கு.

அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே எட்டு மாதமாக வலி. வேறொரு இடத்தில் கேஸ்ட்ரிக் என்று வெள்ளைப் பாணி மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். வலி வலது தோளுக்கு ஏறியபோது, கொழுந்துக் கூடை சுமந்த வலி என்று நாங்களும் நினைத்துவிட்டோம். சாப்பாடு குறைந்தது, சட்டை தொளதொளத்தது. அதைப் பார்த்த பிறகும் இத்தனை நாள் விட்டோமே என்று இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

டொக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அம்மாவை இடது பக்கமாகச் சரிந்து படுக்கச் சொன்னார். பித்தப்பைக்குள் வெள்ளையாகத் தெரிந்த கல், கறுப்பு நிழலையும் இழுத்துக்கொண்டு உருண்டது. சுவரோடு ஒட்டியிருந்த இன்னொன்று அசையவே இல்லை. "அம்மா, இது கல்லு, புரளுது பாருங்க. மத்தது அசையல்ல. இதை மட்டும் வச்சு முடிவு சொல்ல ஏலாது, சிடி ஸ்கேன் எடுக்கணும். கண்டிக்குக் கடிதம் தாறேன், நாளைக்கே போங்க." எல்லாம் தமிழில். அம்மாவே கேள்வி கேட்டார், அம்மாவுக்கே பதில் கிடைத்தது.

அசையாமல் இருந்தது புற்றுநோய்தான். ஆனால் வேறு இடத்துக்குப் பரவவில்லை. பித்தப்பையோடு, ஈரலில் அதை ஒட்டிய பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் கேப்பசிடபைன் என்ற புற்றுநோய் மாத்திரை, இரண்டு கிழமை குடித்து ஒரு கிழமை விடவேண்டும். அந்த மாத்திரையில் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. முப்பது வருஷம் கொழுந்து பறித்துக் காய்ப்பு ஏறிய கை, தேத்தண்ணிக் கோப்பையின் சூட்டைத் தாங்கவில்லை.

கல் இருக்கிற எல்லாருக்கும் இந்தப் புற்றுநோய் வராது, மிகச் சிலருக்குத்தான். பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, உடம்பு அரிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கட்டி பித்தக் குழாயை அடைத்தபிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது. அந்த நிலையில் பெரும்பாலும் ஒபரேஷன் பண்ண முடியாது. பித்தக் குழாய் அடைபடாமலிருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்து, நரம்பில் மருந்து ஏற்றித்தான் சமாளிக்கவேண்டும்.

நிலையத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: நம்பர் கொடுக்கும்போதே "வெறும் வயித்தோட வாங்க" என்று சொல்லிவிடுங்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு நாள் லீவு கிடைப்பது லேசில்லை.