ரிக்டரா, பேடி ரிக்டரா, மைனரா: நம் பாட்டுக்கு எந்த மவுத் ஆர்கன்?

பத்துத் துளை மவுத் ஆர்கனில் நம் பாட்டை வாசிக்க உட்காரும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். சி கீ ஆர்கனை எடுத்து ஒன்றாம் துளையை ஊதினால் ஸ, இழுத்தால் ரி. இரண்டை ஊதினால் க. அடுத்து ம எங்கே? இல்லை. மூன்றை ஊதினால் ப. அதற்கு மேல் த? அதுவும் இல்லை. நாலாம் துளையிலிருந்து ஏழு வரைதான் ஏழு ஸ்வரமும் வரிசையாகக் கிடைக்கும்.

இது தயாரிப்புக் கோளாறு இல்லை. ரிக்டர் எனும் இந்தச் சாதாரண டியூனிங்கே அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாட்டுப்புற மெட்டுகளுக்காக அமைத்தது. ஊதினால் ஒரு கார்டு (சில ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது), இழுத்தால் அதோடு சேரும் இன்னொரு கார்டு என்று கணக்குப் போட்டார்கள். கார்டுக்காகக் கீழ் ஸ்தாயியில் இரண்டு ஸ்வரங்களை விட்டுக்கொடுத்தார்கள். நமக்கோ கார்டைவிட ஸ்வரம்தான் பெரிது.

பெங்களூரில் அல்சூர், முருகேஷ்பாளையா பக்கம் தமிழ் சினிமாப் பாட்டு வாசிக்கிறவர்களும், இந்திராநகரில் ப்ளூஸ் வாசிக்கிறவர்களும் ஒரே கடையில் போய் ஒரே ஆர்கனைத்தான் வாங்குகிறார்கள். ப்ளூஸ்காரர்களுக்கு அதில் குறையே தெரியாது. அவர்கள் ஜி-யை ஸ-வாக வைத்து, இழுக்கும் பக்கத்தில் வாசிக்கிறார்கள். இரண்டு முதல் ஐந்து வரை இழுத்தால் ஜி செவன்த் கார்டு அப்படியே வந்து விழும். ப்ளூஸுக்கு உயிரே அதுதான். அவர்கள் ரிக்டரை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை.

நாம்தான் யோசிக்க வேண்டும். மாற்று டியூனிங் என்றதும் எந்த ஸ்வரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். எந்த பெண்ட், அதாவது மூச்சாலேயே சுருதியை இறக்கும் வித்தை, போய்விடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு துளையில் இரண்டு ரீடு (அதிரும் உலோக நாக்கு) இருக்கிறது, ஒன்று ஊத, ஒன்று இழுக்க. இரண்டில் மேல் சுருதி ரீடை, கீழ் ரீடுக்கு அரை ஸ்வரம் மேலே வரை மூச்சாலேயே இறக்கலாம். இடைவெளி கூடக் கூட இறக்கமும் கூடும். இந்தச் சின்னப் பெட்டியில் ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது) பிடிக்க நமக்கு இருக்கும் முக்கியமான வழி இதுதான்.

மோகனத்தை வைத்தே பார்ப்போம். அதே சி ஆர்கன், ஜி ஸ, அதாவது ஐந்து கட்டை. இரண்டை இழுத்தால் ஸ, மூன்றை இழுத்தால் க, நாலை இழுத்தால் ப, ஐந்தை ஊதினால் த, ஆறை ஊதினால் மேல் ஸ. மிச்சம் இருப்பது ரி. ரிக்டரில் மூன்றாம் துளையில் ஊதும் ரீடு ஜி, இழுக்கும் ரீடு பி. இடைவெளி நாலு அரை ஸ்வரம். எனவே க-வை இழுத்தபடியே ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ரி. க-விலிருந்து ரி-க்கு ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு வரலாம். பாடுகிறவர் குரலில் கேட்பது போலவே இருக்கும். ஆனால் ரி-யில் சரியாகப் போய் நிற்பது கடினம். கொஞ்சம் தூக்கினாலும் இறக்கினாலும் அபஸ்வரம். வேகமான பாட்டில் கேட்கவே வேண்டாம்.

பேடி ரிக்டர் இதற்கு ஒரு மாற்று. நியூசிலாந்துக்காரர் பிரெண்டன் பவர் அயர்லாந்து நடன மெட்டுகளுக்காகக் கொண்டுவந்தது. மாற்றம் ஒரே ஒரு ரீடில்தான். மூன்றாம் துளையின் ஊதும் ஜி-யை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி ஏ ஆக்கிவிடுகிறார்கள். போன ஜி-க்குக் கவலை இல்லை, இரண்டை இழுத்தால் அதே ஜி இருக்கிறது. இப்போது ரி சுத்தமாக, ஊதினால் உடனே வரும். ஆனால் மூன்றாம் துளையில் இடைவெளி இரண்டு அரை ஸ்வரமாகச் சுருங்கிவிட்டது. க-வை இறக்கினால் பாதி வழியில் நின்றுவிடும். ரி-க்குப் போக மூச்சைத் திருப்ப வேண்டும். ஜாரு அறுந்துவிடுகிறது.

இந்த இரண்டில் எது? காவடிச்சிந்து மாதிரி துள்ளி ஓடும் மெட்டா, பேடி ரிக்டர்தான், யோசிக்கவே வேண்டாம். அயர்லாந்து மெட்டுகளும் அப்படி ஓடுபவைதான். விருத்தம் மாதிரி நின்று நிதானமாக இழைக்கும் பாட்டா, ரிக்டரிலேயே கஷ்டப்பட்டு ரி-யைப் பழகிக்கொள்ளுங்கள். அந்தச் சுகம் வேறு எதிலும் வராது.

பேடி ரிக்டரை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ரீடின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஊதும் ரீடுகள் மேல் தகட்டின் உட்பக்கம் இருப்பதால் மூடியை மட்டும் கழற்றினால் போதாது, தகட்டையும் கழற்ற வேண்டும். ரீடுக்கு அடியில் மெல்லிய ஸ்டீல் தகட்டை நுழைத்துத் தாங்கவைத்து, நுனியை நோக்கியே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். சுரண்டிய சூடு தணியும்வரை டியூனர் ஆப் காட்டுவதை நம்ப வேண்டாம். ஒரு முழு ஸ்வரம் ஏற்ற நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

கன்ட்ரி டியூனிங்கில் ஐந்தாம் துளையின் இழுக்கும் ரீடு மட்டும் அரை ஸ்வரம் ஏறுகிறது. அதையும் பேடி மாற்றத்தையும் சேர்த்து, ஒன்பதாம் துளையையும் அதே மாதிரி ஏற்றினால் லீ ஆஸ்கர் கம்பெனியின் மெலடி மேக்கர் ஆர்கன். சி-யை ஸ-வாக வைத்தால் நடு ஸ்தாயியில் கல்யாணி. ஜி-யை ஸ-வாக வைத்தால் இரண்டாம் துளையிலிருந்து ஒன்பது வரை இரண்டு முழு ஸ்தாயி சங்கராபரணம், ஒரு பெண்ட்கூடத் தேவையில்லை! இன்னொரு லாபமும் உண்டு. ரிக்டரில் ஐந்தாம் துளை அசையவே அசையாது, இரண்டு ரீடுக்கும் அரை ஸ்வரம்தான் வித்தியாசம். இங்கே இடைவெளி கூடிவிட்டதால், சி-யை ஸ-வாக வைத்தால் பிரதி மத்யமத்திலிருந்து (மேல் ம) சுத்த மத்யமத்துக்கு (கீழ் ம) இறக்கலாம். ஒரே பாட்டில் இரண்டு மத்யமமும் வரும் இடங்களில் இது பெரிய வசதி. போவது அந்த ஜி செவன்த் கார்டு. ப்ளூஸ்காரர் அழுவார், நமக்கு நஷ்டமில்லை.

சோகப் பாட்டுக்கு மைனர் டியூனிங்தான், அதில் நேச்சுரல் மைனரா, ஹார்மோனிக் மைனரா என்பதுதான் கேள்வி. நேச்சுரல் மைனரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஆர்கனில் சி-யிலிருந்து கரகரப்ரியா, ஜி-யிலிருந்து நடபைரவி, டி-யிலிருந்து தோடியின் ஸ்வரங்கள். தோடியின் கமகத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள், ஸ்வரங்கள் மட்டும்தான். ஹார்மோனிக் மைனரில் சி-யிலிருந்து கீரவாணி, ஜி-யிலிருந்து வகுளாபரணம். கீரவாணிக்கு நடு ஸ்தாயியில் எல்லா ஸ்வரமும் பெண்ட் இல்லாமல் வருகிறது. ஆனால் ஆறாம் துளையில் ப-வுக்கும் த-வுக்கும் அரை ஸ்வரமே இடைவெளி, அந்தத் த அசையாது. அதைக் குழைக்க வேண்டுமானால் மூன்றாம் துளைக்கு இறங்கி வாருங்கள். அங்கே நி-யை இழுத்து, அதே மூச்சில் த வரை கொண்டுவரலாம். கீரவாணி இந்த ஆர்கனில் கீழ் ஸ்தாயியில்தான் உருகும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நேச்சுரல் மைனர். கீரவாணிப் பைத்தியமாக இருந்தால் மட்டும் ஹார்மோனிக்.

வாங்கும்போது மேலே என்ன கீ போட்டிருக்கிறது என்பதில் கவனம் தேவை. லீ ஆஸ்கர் நேச்சுரல் மைனரில் ஜி மைனர் என்று இருந்தால், ஊதும்போது வருவது சி மைனர் கார்டு. மெலடி மேக்கரிலும் அப்படித்தான். அதே கம்பெனியின் ஹார்மோனிக் மைனரிலும், ஹோனர் கம்பெனியின் நேச்சுரல் மைனரிலும் ஊதும் கார்டின் பெயரே இருக்கும்.

நம் வீடுகளில் கிடக்கும் ட்ரெமலோ ஆர்கனில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை, அதனால் பெண்ட் என்ற பேச்சே இல்லை. சின்னப் பிள்ளைகள் மெட்டு வாசித்துப் பழக நல்லது, அவ்வளவுதான். க்ரோமாட்டிக் ஆர்கனில் பொத்தானை அழுத்தினால் அரை ஸ்வரம் ஏறும், பன்னிரண்டு ஸ்வரமும் உண்டு. சரணத்தில் ராகம் மாறும் சினிமாப் பாட்டுகளுக்கு அதுதான் சரி. விலை அதிகம், பெண்ட்டில் கனம் குறைவு.

தம்புரா ஆப் வைத்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பியானோ மாதிரி சமமாகப் பிரித்த சுருதியில் அந்தர காந்தாரம் (மோகனத்தில் வரும் க) இயற்கையான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே இருக்கும். அது காதில் உறுத்தினால் அந்த ரீடைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.

"அண்ணா, ஒன்றுதான் வாங்க முடியும், எது?" என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது: சாதாரண ரிக்டர், சி கீ. கையில் காசு சேர்ந்ததும் அதே மாதிரி இன்னொன்று வாங்கி, அதை பேடி ரிக்டராக மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் நேச்சுரல் மைனர். கூடப் பாடுகிறவருக்கு ஒரு கட்டை என்றால் சி-யை ஸ-வாக வைத்தும், ஐந்து கட்டை என்றால் ஜி-யை ஸ-வாக வைத்தும் அந்த சி ஆர்கனிலேயே வாசிக்கலாம். இரண்டு கட்டைக்காரரோடு உட்கார்ந்தால்தான் டி கீ ஒன்று தேவைப்படும்.