ஹெக்-ரெஸ்சிம்: பல அணைகளின் நீர் திறப்பை ஆற்றின் பருவத்தோடு இணைக்க ஒரு மென்பொருள்

ஓர் ஆற்றுப்படுகையில் உள்ள அணைகள் ஒவ்வொன்றும் தன் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து மதகைத் திறந்து மூடினால், மழைக்காலப் பெருக்கு முழுவதும் தேக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆறு வற்ற வேண்டிய மாதங்களிலோ மின் உற்பத்திக்காகவும் பாசனத்துக்காகவும் பருவம் தப்பிய நீர் ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் திறப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்குக் கிடைக்கும் கருவிகளில் ஹெக்-ரெஸ்சிம் முக்கியமானது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் இருக்கும், அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் இதை உருவாக்கி இலவசமாக வழங்குகிறது. அதே மையத்தின் பழைய ஹெக்-5 நிரலுக்கு அடுத்த தலைமுறை இது. பருவ ஓட்டத்தை, அதாவது பருவத்துக்கேற்ப ஆற்றில் கூடிக் குறைய வேண்டிய நீரோட்டத்தைத் திட்டமிடுவோருக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். வெள்ளத்தணிப்புக்கு இதன் தகுதி ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டது.

இதன் அடிப்படை அமைப்பு எளிது. ஒவ்வொரு நீர்த்தேக்கத்தையும் நீர்மட்டத்தைக் கொண்டு மண்டலங்களாகப் பிரிக்கிறோம். வெள்ளத்துக்கென ஒதுக்கிய மேல் மண்டலத்துக்கும் சேமிப்பு மண்டலத்துக்கும் நடுவே, எந்த நாளில் நீர்மட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும், நாளுக்கு நாள் மாறக்கூடிய வழிகாட்டு வளைகோடு ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு மண்டலத்துக்குள்ளும் விதிகளை மேலிருந்து கீழாக முன்னுரிமைப்படி அடுக்குகிறோம். மேலே இருக்கும் விதி விட்டுவைத்த இடைவெளிக்குள்தான் கீழே இருக்கும் விதி இயங்க முடியும். விதி எதுவும் இல்லாவிட்டால், மதகின் திறன் அனுமதிக்கும் அளவுக்கு நீரை விட்டோ பிடித்தோ, நீர்மட்டத்தை வளைகோட்டுக்கு விரைவாகக் கொண்டுவரவே மென்பொருள் முயலும். பருவ ஓட்டத்தில் அக்கறை உள்ளவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். வெள்ளக் காலத்துக்கு முன் இடம் ஒதுக்குவதற்காக வளைகோட்டைச் சில நாட்களுக்குள் செங்குத்தாக இறக்கி வரைந்தால், எந்த உயிரினமும் எதிர்பார்க்காத ஒரு நாளில், மழையே இல்லாமல் ஆற்றில் பெருக்கு வரும்.

இது கணினித் திரைக்குள் மட்டும் நிகழும் சிக்கல் அல்ல. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள கிரீன் ஆற்று அணையில் இலையுதிர்காலத்துக்கான நீர்மட்டக் குறைப்பைத் தள்ளிவைத்து, அதிக நாட்களுக்குப் பரப்பிச் செய்ததிலிருந்துதான் பொறியாளர் படையும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர் கன்சர்வன்சியும் 2002இல் தொடங்கிய நிலைத்த ஆறுகள் திட்டம் வளர்ந்தது. அங்கே புதிய அணையும் கட்டவில்லை, புதிய மதகும் பொருத்தவில்லை, மாற்றியது நாட்காட்டியைத்தான். ரெஸ்சிம்மில் அத்தகைய மாற்றத்தைச் சோதிப்பது வளைகோட்டின் சில புள்ளிகளை நகர்த்திப் பழைய ஆண்டுகளின் நீர்வரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு எளிது. இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

பல அணைகளை இணைக்கும் இடத்தில் இதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரிகின்றன. அணைக்குக் கீழே ஆற்றில் ஓர் இடத்தில் ஓட வேண்டிய நீரை இலக்காக வைக்கும் கீழ்நிலைக் கட்டுப்பாட்டு விதி என்று ஒன்று உண்டு. அணையிலிருந்து நீர் வந்துசேர 18 மணி நேரம் ஆகும் ஓர் இடத்தில், மீன்கள் முட்டையிடும் பருவம் முழுவதும் வினாடிக்குக் குறைந்தது 1,500 கனஅடி ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் சேரும் துணையாறு 600 கனஅடி தருமானால், மீதி 900 கனஅடியை 18 மணி நேரம் முன்னதாகவே அணையிலிருந்து விடுவிக்கும் கணக்கை மென்பொருள் தானாகப் போட்டுவிடும். இரண்டு அணைகள் அந்த ஒரே இடத்துக்குப் பொறுப்பானால், இருப்பின் விகிதம் சமமாக இருக்கும்படி சுமையைப் பங்கிடும். சமப் பங்கீடு வேண்டாம் என்றால் நாமே வேறு பங்கீட்டை வரையறுக்கலாம். பருவ ஓட்டத்துக்கு அப்படி வரையறுப்பதே பெரும்பாலும் நல்லது. ஒரு தேக்கத்தின் ஆழத்திலிருந்து வரும் குளிர்நீரும் மற்றொன்றின் மேற்பரப்பு நீரும் கனஅடிக் கணக்கில் சமமாக இருந்தாலும், மீனுக்குச் சமம் அல்ல.

ஆனால் அந்த 900 கனஅடிக் கணக்கில் ஒரு மறைமுகச் சலுகை இருக்கிறது. பழைய ஆண்டுகளை ஓட்டும்போது துணையாற்றில் நாளை எவ்வளவு வரும் என்பது தரவுக் கோப்பிலேயே இருக்கிறது. மதகருகே நிற்பவருக்கோ முன்கணிப்பு மட்டுமே கிடைக்கும். எனவே திரையில் இலக்கு பிசகாமல் நிறைவேறுவதைப் பார்த்து, களத்திலும் அப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுப்பது ஆபத்து.

பெருக்கு வடியும் இறங்குமுகத்துக்கு இதில் உள்ள வசதியைத் தனியே பாராட்ட வேண்டும். வெளியேற்றம் கூடும் வேகத்துக்கும் குறையும் வேகத்துக்கும் தனித்தனி வரம்பு வைக்கலாம். பெருக்கை உருவாக்குவதில் காட்டும் ஆர்வத்தைப் பலர் அதை வடிய விடுவதில் காட்டுவதில்லை; மதகைச் சட்டென்று மூடினால் கரையோரப் பள்ளங்களில் மீன்குஞ்சுகள் சிக்கிக்கொள்ளும், நாற்று விட்ட கரைமரங்களின் வேர், மண்ணில் கீழே இறங்கிச் செல்லும் ஈரத்தைத் துரத்திப் பிடிக்க முடியாமல் காய்ந்துபோகும்.

எனக்கு மிகவும் பிடித்தது திறப்பு முடிவு அறிக்கை. ஒவ்வொரு காலப்படியிலும், அதாவது கணக்கு நகரும் ஒவ்வொரு நாளிலோ மணியிலோ, எந்த அணை எந்த மண்டலத்தில் இருந்தது, வெளியேற்றத்தை எந்த விதி தீர்மானித்தது என்பதை அது வரிசையாகக் காட்டுகிறது. மின் உற்பத்தித் தரப்பும் பாசனத் தரப்பும் மீன்வளத் தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து வாதிடும்போது, “ஆற்றுக்கான விதியைச் சேர்த்துவிட்டோம்” என்ற பேச்சு எளிதாக வரும். அந்த விதி அடுக்கின் அடியில் கிடந்து, வறண்ட ஆண்டு முழுவதிலும் ஒரு நாள்கூடச் செயல்படவில்லை என்றால், அறிக்கை அதை மறைக்காது.

குறைகளும் உண்டு. இது உத்தமத் தீர்வைத் தேடித் தருவதில்லை. நாம் எழுதிய விதிகளின் விளைவை மட்டுமே காட்டுகிறது. ஆற்றுக்கு எவ்வளவு நீர், எப்போது தேவை என்பதையும் இது சொல்லாது. அதற்கு, நீரோட்டத்துக்கும் உயிரினங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஹெக்-இஎஃப்எம், வல்லுநர்களின் பரிந்துரைகளைக் கூட்டத்திலேயே வரைந்து பதிவுசெய்யும் ஹெக்-ஆர்பிடி என்று அதே மையத்தின் வேறு கருவிகள் இருக்கின்றன. தரவை, அந்த மையத்தின் தரவுச் சேமிப்பு வடிவமான ஹெக்-டிஎஸ்எஸ் வடிவத்துக்கு மாற்றும் வேலை புதியவரைச் சோர்வடையச் செய்யும். நிபந்தனைகள் சிக்கலாகும்போது ஜைத்தன் என்ற நிரல்மொழியில் நிரல் எழுத வேண்டியிருக்கும். எழுதியவர் பணி மாறிச் சென்றபின் அந்த நிரல்களைத் திருத்தத் துணிபவர் குறைவு. ஆகவே மென்பொருளிலேயே உள்ள, ‘இப்படி இருந்தால் இந்த விதி’ என்று அமைக்கும் நிபந்தனைத் தொகுதிகளாலேயே முடியும் காரியத்துக்கு நிரலை நாட வேண்டாம் என்பேன்.

ஓர் அணை, ஒரு மதகு, ஆண்டு முழுவதும் மாறாத ஒரே குறைந்தபட்ச ஓட்டம் என்றால் விரிதாளே போதும். இரண்டாவது அணையோ, நாளுக்கு நாள் மாறும் ஓட்ட இலக்கோ வந்துவிட்டால் இதைக் கற்பதற்குச் செலவிடும் நேரம் வீண்போகாது. தொடங்குபவர் நாள்வாரிக் காலப்படியில் படுகை முழுவதையும் முதலில் ஓட்டிவிட்டு, இறங்குமுக வேகத்தைச் சரிபார்க்கும்போது மட்டும் மணிவாரிக் கணக்குக்கு மாறுவது நலம்.