உலக வங்கியின் நிறுவன ஆய்வுத் தரவு: ஒரு சிறு உற்பத்தியாளரின் பார்வையில்

நான் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்கிறவன். எங்கள் புது வடிவமைப்பு ஒன்று சோதனைச் சான்றிதழுக்காக 11 மாதம் அலமாரியிலேயே கிடந்தது. மற்ற வளரும் நாடுகளிலும் இப்படித்தானா என்று தேடப்போய்த்தான் உலக வங்கியின் நிறுவன ஆய்வுத் (Enterprise Surveys) தளத்துக்கு வந்தேன்.

இலவசச் சேவை. நிறுவன உரிமையாளர்களையும் மேலாளர்களையும் கேட்டுத் திரட்டிய பதில்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கேள்வி: 15 தடைகளின் பட்டியலைக் கொடுத்து, உங்கள் தொழிலுக்கு மிகப் பெரிய தடை எது என்கிறார்கள். மின்சாரம், கடன், நிலம், உரிமம், சுங்கம், லஞ்சம், பதிவில்லாத போட்டியாளர்கள் எல்லாம் அதில் உண்டு. கடந்த 3 ஆண்டுகளில் புதுப் பொருள் ஏதாவது கொண்டுவந்தீர்களா என்றும் கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மனசு கனக்கிறது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே காசு கரைகிற பட்டறையில் ஆராய்ச்சிக்கு என்ன மிஞ்சும்?

நாடுகளை வரிசைப்படுத்திய, 2021இல் நிறுத்தப்பட்ட உலக வங்கியின் 'தொழில் செய்தல்' (Doing Business) தரவரிசை பெரும்பாலும் விதிகளை அளந்தது. இது அனுபவத்தைக் கேட்கிறது. அதனால் எனக்கு இதுதான் மேல்.

மூலத் தரவைப் பிரித்துப் பார்க்கப் புள்ளியியல் தெரிந்த ஒருவர் துணை வேண்டும், அது சரி. பெரிய குறை வேறு. முதன்மை ஆய்வில் 5 பேராவது வேலை செய்கிற, பதிவான நிறுவனங்கள்தான் வருகின்றன. தடைகளைத் தாண்ட முடியாமல் தொடங்காமலே போனவர்களின் குரல் இதில் இல்லை.