உப்பு அரித்த சுவர்: சிமெண்டா, பாலிமரா, சுண்ணாம்பா?

தேவிப்பட்டினம், கீழக்கரை, மண்டபம் போன்ற கடலோர ஊர்கள் பக்கம் தரையிலிருந்து இரண்டு மூன்றடிக்குப் பூச்சு பொரிந்து மாவாக உதிர்ந்தால் உடனே பெயின்ட் மேல்தான் பழி விழும். காரணம் உள்ளே இருக்கிறது. தரையிலிருந்து சுவரில் ஏறிய ஓதம் (ஈரக்கசிவு) காயும்போது, அதில் கரைந்திருந்த உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாகிப் பூச்சை நெட்டித் தள்ளும்.

எந்தப் பூச்சானாலும் முன்வேலை ஒன்றுதான். சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் போக வேண்டும். ஈரக்கறைக்கு மேலும் ஒன்றரை அடி கொத்தி, செங்கல் இடுக்குகளை 10 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

சாதா சிமெண்ட் பூச்சு மலிவு, எல்லாக் கொத்தனாருக்கும் கைவந்தது. டைல்ஸுக்கு சிமெண்ட் ஒன்று, மணல் நாலு (1:4), உள்சுவரில் பெயின்டுக்கு 1:5. ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, 15 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் தொங்கும், வெடிக்கும். காய்ந்த சுவருக்கு இதுவே போதும். ஓதச் சுவரில் மட்டும் இது எதிரி: இறுகிய பூச்சு வழியாக ஆவியாக முடியாத ஈரம் மேலே ஏறி, இரண்டடியில் இருந்த கறையை நாலடிக்குக் கொண்டுபோகும்.

குளியலறை, சமையல் மேடைச் சுவர் என்று டைல்ஸ் வரும் இடத்துக்கு எங்கள் ஓட்டு பாலிமருக்கு. எஸ்.பி.ஆர். பாலை (பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம், டப்பாவில் வரும்) சிமெண்டோடு கலந்தால் பழைய பூச்சின் விளிம்பில் நன்றாகப் பிடிக்கும், சுருங்கி வெடிப்பதும் குறையும். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் உள்ளபடி போடுங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். முதலில் அடிக்கும் பால்-சிமெண்ட் குழம்பு பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். ஆடிக் காற்றில் அது சட்டென்று காய்ந்து, ஒட்டவைப்பதற்குப் பதிலாகப் பிரிக்கும் தோலாகிவிடும். டீ குடித்துவிட்டு வந்து பூசலாம் என்ற பேச்சே கூடாது. கையெட்டும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். ஓதத்தை இதுவும் நிறுத்தாது.

பெயின்ட் மட்டும் வரும் ஓதச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. ஒரு கைக்கு 8 முதல் 10 மி.மீ., கைக்குக் கை ஒரு வாரம் இடைவெளி. அவசரக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் சுவர் மூச்சு விடும், உப்பு அரித்தாலும் பூச்சைத்தான் தின்னும், கல்லைத் தொடாது. தனுஷ்கோடி இடிபாடுகளைப்போலப் பவளக்கல்லில் கட்டிய பழைய வீடு என்றால் வேறு யோசனையே வேண்டாம். மேலே பட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தால் எல்லாம் வீண், வெள்ளையடியுங்கள். டைல்ஸ் பாரம் இதன்மேல் வேண்டாம்.

ஜிப்சம் பூச்சு ஈரத்தில் நெகிழும், கீழ்ச்சுவர் பக்கமே கொண்டுவராதீர்கள்.

உப்புப் போர்த் தண்ணியில் கலவை போட்டால் காசு கொடுத்து உப்பைப் பூசுகிறோம் என்று அர்த்தம். கலக்கவும் நனைக்கவும் லாரியில் வாங்கும் நல்ல தண்ணிதான். மணலையும் ஒரு டம்ளர் நீரில் கலக்கி, தெளிந்ததை நாக்கில் தொட்டுப் பாருங்கள்.

சிமெண்ட் பூச்சை 7 நாள் நனைத்து, பெயின்டுக்கு 28 நாள் விடுங்கள். பிறகு இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரியுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் பிரைமர் டப்பாவைத் திறக்காதீர்கள்.